வெளியே மஞ்சள் ஆகாது, உள்ளே கறுப்பு ஆகாது

சேலத்திலிருந்து சேப்பாக்கத்துக்கு மேட்ச் பார்க்கப் போகிறவனுக்கு வழக்கமாக மூன்று கவலைதான். டிக்கெட் கிடைக்குமா, லீவு கிடைக்குமா, மேட்ச் முடிந்து நள்ளிரவில் திரும்பி வர பஸ் கிடைக்குமா. 2018 ஏப்ரல் 10-ஆம் தேதி நான் போனபோது நான்காவதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது: என்ன நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு போவது.

டிக்கெட் கதை சுருக்கமானது. இரண்டு வருடத் தடை முடிந்து சென்னை சூப்பர் கிங்ஸ் திரும்பி வந்த வருடம் அது. சேப்பாக்கத்தில் முதல் ஆட்டம் கொல்கத்தாவோடு. ஆன்லைனில் நான் முயன்றபோது சக்கரம் சுற்றிச் சுற்றி, கடைசியில் எல்லாம் விற்றுவிட்டது என்றது. செந்தில்தான் காப்பாற்றினான். அம்மாபேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பையன், என்னோடு பத்தாவது வரை படித்தவன். அப்போது திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கி டிஎன்பிஎஸ்சிக்குப் படித்துக்கொண்டிருந்தான். அங்கிருந்து மைதானம் நடக்கிற தூரம். விடிவதற்கு முன்பே கவுன்ட்டர் வரிசையில் போய் நின்று, ஆளுக்கு 1300 ரூபாயில் இரண்டு டிக்கெட் வாங்கி, போட்டோ எடுத்து அனுப்பினான். மேட்ச்சுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

அந்த ஒரு வாரத்தில் எல்லாம் மாறிவிட்டது. பிப்ரவரி 16 அன்று காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. நடுவர் மன்றம் 2007-இல் நமக்குத் தந்த 192 டிஎம்சியில் 14.75 டிஎம்சியைக் கழித்து 177.25 ஆக்கியது. அதையாவது ஒழுங்காகத் தர ஒரு திட்டம் வகுக்க மத்திய அரசுக்கு ஆறு வாரம் கெடு. மார்ச் 29-ஆம் தேதி கெடு முடிந்தது, நாம் கேட்ட காவிரி மேலாண்மை வாரியம் வரவில்லை. ஏப்ரல் 5-ஆம் தேதி முழு அடைப்பு. ஊரே எரிகிற நேரத்தில் ஐபிஎல் ஒரு கேடா என்ற கேள்வி எல்லாப் பக்கமும் கேட்டது. வீரர்கள் கறுப்புப் பட்டை அணிந்து ஆடட்டும் என்று ரஜினி சொன்னார். மைதானத்துக்குள் பாம்பு விடப்போகிறார்கள் என்றுகூடப் பேச்சு அடிபட்டது. நான் வேலை பார்த்த செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் கணக்கு நோட்டை மூடிவிட்டு இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். பாம்பு விடுவார்கள் என்றால் டிக்கெட் காசைத் திருப்பித் தருவார்களா என்று ஒருவர் உண்மையாகவே கேட்டார்.

எனக்கு இது வெறும் செய்தி இல்லை. அப்பா பூலாம்பட்டியில் இருக்கிறார். வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் காவிரி. அக்கரை நெரிஞ்சிப்பேட்டைக்குப் படகு ஓடும். எங்களுக்குக் கிழக்குக்கரை வாய்க்கால் பாசனத்தில் ஒன்றே கால் ஏக்கர். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்க வேண்டிய ஜூன் 12-ஆம் தேதி 2012 முதலே தவறிக்கொண்டிருந்தது. எங்கள் வாய்க்காலுக்கு ஆகஸ்டில் வரவேண்டிய முறையும் அதோடு சேர்ந்து தள்ளிப் போகும், இல்லை வரவே வராது. நீர்மட்டம் இறங்கி, அணைக்குள் மூழ்கிக் கிடக்கும் பண்ணவாடி நந்தி சிலை வெளியே தெரிய ஆரம்பித்தால் ஊரிலிருந்து வேடிக்கை பார்க்கக் கூட்டம் போகும். அப்பா போகமாட்டார்.

அதனால் போகலாமா வேண்டாமா என்று அவரிடமே போனில் கேட்டேன். "போகாதே" என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் எனக்கும் முடிவெடுக்கச் சுலபம்.

"நீ போகாம ஊட்ல உக்காந்துட்டா மேட்டூர்ல மதகு தொறந்துருவாங்களா? 1300 ரூவா குடுத்து வாங்கியிருக்கற. போய்ட்டு வா கண்ணு" என்றார்.

அதே நாள் ராத்திரி செந்தில் கூப்பிட்டான். அவன் வரவில்லையாம். மேன்ஷன் பையன்கள் எல்லாரும் ஊர்வலத்துக்குப் போகிறார்களாம், அவனும் போகிறானாம். அப்பா சொன்னதைச் சொன்னேன். "உங்கப்பா வயலு வச்சிருக்காரு, அவரு அப்படிப் பேசலாம். நீ பேசக்கூடாது" என்றான். இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. வயல் உள்ளவர் மேட்ச்சுக்குப் போ என்கிறார், வயலே இல்லாதவன் போகாதே என்கிறான். நான் நடுவில் டிக்கெட்டோடு நிற்கிறேன். டிக்கெட்கூட அவனிடம்தான் இருந்தது.

சரி, போவது என்றே முடிவு செய்தேன். பெருமையாகச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. தோனியை மஞ்சள் சட்டையில் ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ். காமலாபுரத்திலிருந்து சென்னைக்கு விமானம் தொடங்கி அப்போது பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. அதைப் பட்டறை முதலாளிகளுக்கு விட்டுவிட்டேன். ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஒரே தொல்லை, பொழுது விடிவதற்கு முன்பே சென்ட்ரலில் இறக்கிவிட்டுவிடும். தலைநகரத்துக்குப் போகிற சேலத்துக்காரன் பாதிப் பேர் அந்த நேரத்தில் பிளாட்பாரத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பான். ஒருவர் கையில் ஸ்கேன் படம், ஒருவர் கையில் கோர்ட்டுக் கட்டு, ஒருவர் மகனின் விசாவுக்காக. யாரிடமும் நான் மேட்ச்சுக்கு வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கல்யாணத்துக்கு என்றேன்.

பார்க் டவுனிலிருந்து பறக்கும் ரயில் பிடித்தால் சிந்தாதிரிப்பேட்டைக்கு அடுத்து சேப்பாக்கம், அதற்கடுத்து திருவல்லிக்கேணி. காலையிலேயே மைதானத்தைச் சுற்றி காக்கி. அன்றைக்கு நாலாயிரம் போலீஸ் என்று பிறகு படித்தேன்.

மதியத்துக்கு மேல் அண்ணா சாலைப் பக்கமிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. செந்தில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டான். நான் பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்தேன். மஞ்சள் போடக்கூடாது என்பதில் தெளிவாக இருந்தேன், மஞ்சள் பனியன் போட்டவர்களை வழியில் மறித்துக் கழற்றச் சொல்கிறார்கள் என்று தகவல் வந்திருந்தது. கறுப்பு போட்டால் மைதானத்துக்குள் விடமாட்டார்கள். எனவே கருநீலம். வீட்டில் இதை எடுத்து வைத்தபோது என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

செந்தில் ஒரு டிக்கெட்டை என் சட்டைப் பையில் வைத்தான். காசை நீட்டினேன். "மேட்ச் காசு எனக்கு வேண்டாம்" என்று தள்ளிவிட்டான். இன்னொரு டிக்கெட்டை வாசலில் யாருக்காவது விற்றுத் தரட்டுமா என்றேன். அவன் பார்த்த பார்வையில் பேச்சை விட்டுவிட்டேன். பெல்ஸ் ரோடு முனை வரை சேர்ந்தே நடந்தோம். அப்புறம் அவன் வலது பக்கம், நான் இடது பக்கம்.

முதல் தடுப்பில் டிக்கெட்டை மட்டும் பார்த்தார்கள். இரண்டாவதில் பாக்கெட்டைத் தடவினார்கள், பை இருந்தால் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடுப்பில் ஒரு காவலர் என்னைத் தனியாக நிறுத்தினார்.

"என்ன தம்பி, கறுப்புச் சட்டை?"

"நீலம் சார்."

"எங்க நீலம்?"

அந்த மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் எனக்கே அது கறுப்பாகத்தான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்த்தார். காலரைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஜவுளிக்கடையில் துணி எடுப்பவர்கள் மாதிரி ஆலோசித்தார்கள். கடைசியில் பெரியவர் சொன்னார்: "நீலமாவே இருக்கட்டும். டிவியில காட்டினா கறுப்பாத்தான் தெரியும். மாத்திட்டு வா." அதில் ஒரு நியாயம் இருந்தது, மறுக்க முடியவில்லை.

திரும்ப வெளியே வந்தேன். மற்ற மேட்ச் நாட்களில் நடைபாதை முழுக்க மஞ்சள் பனியன் தொங்கும் என்பார்கள். அன்று ஒரு அண்ணன் பனியன்களைச் சாக்குப் பைக்குள் ஒளித்து வைத்து, திருட்டுப் பொருள் விற்பவர் போல மெல்லிய குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். 350 என்றார். பேசி 200-க்கு வாங்கினேன். "இங்க போடாதீங்க, அந்தத் தடுப்பு தாண்டிப் போட்டுக்கங்க" என்று அவரே சொல்லிக்கொடுத்தார். பனியனைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்து, இரண்டாவது தடுப்பு தாண்டியதும் நீலச் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டேன். ஏப்ரல் மாதச் சென்னைப் புழுக்கத்தில் இரண்டு சட்டை. அதே காவலர் என்னைப் பார்த்து, "இப்ப சரி" என்றார்.

உள்ளே போனதும் வெளியே நடப்பது எதுவுமே தெரியவில்லை. அதுதான் எனக்கு முதலில் உறைத்தது. அவ்வளவு கூச்சல், அவ்வளவு விளக்கு. கொல்கத்தா 10 ஓவரில் 89-க்கு 5. இடையில் எங்கள் பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் எல்லைக்கோடு அருகே ஏதோ சலசலப்பு. போலீஸ் ஓடியது. ஜடேஜா இருந்த பக்கம் யாரோ ஷூவை வீசினார்கள் என்று வரிசை வரிசையாகச் செய்தி வந்தது. எனக்குப் பின்னால் இருந்தவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். அவர் பக்கத்தில் இருந்தவர், "அவனுக்கும் ஊர்ல தண்ணி இல்லாம இருக்கும்ணே" என்றார். ஷூ எறிந்தது தப்பு என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த இரண்டாவது ஆளின் குரல்தான் இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் ரஸல். 36 பந்தில் 88, பதினோரு சிக்ஸர். ஒன்று கூரையைத் தாண்டிப் போனது. 202.

யோசித்தால் அந்த ஆட்டமே ஒரு கேலி. காவிரிக்காகத் தமிழ்நாடு கொதித்த அன்று, சென்னை அணியின் பதினொரு பேரில் ஒரு தமிழ்நாட்டுக்காரர் இல்லை. தமிழ் பேசத் தெரிந்த கேப்டன் எதிரணியில், தினேஷ் கார்த்திக். எங்கள் சின்னப்பம்பட்டி நடராஜன் அந்த வருடம் ஹைதராபாத் அணியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கொல்கத்தாவுக்கு ஆடிய உத்தப்பா குடகில் பிறந்தவர். அவர் சிக்ஸர் அடித்தபோது எனக்கு முன்னால் இருந்த ஒருவர், "தலைக்காவிரிக்காரன் எப்படி அடிக்கிறான் பாரு, தண்ணிதான் விடமாட்டான்" என்றார். நாலு வரிசை சிரித்தது. கடைசி ஓவரில் சென்னைக்கு 17 வேண்டும், போட வந்தவர் கர்நாடகத்து வினய் குமார். முதல் பந்தே நோ பால், பிராவோ அடித்தது சிக்ஸர். ஒரு பந்து மீதம் இருக்க ஜடேஜா இன்னொரு சிக்ஸர் அடித்து முடித்தார். யாரென்றே தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். அந்த ஐந்து நிமிடம் எனக்குக் காவிரியும் நினைவில் இல்லை, அப்பாவும் நினைவில் இல்லை.

வெளியே வரும்போது மஞ்சளைக் கழற்றிவிட்டேன். செந்தில் மேன்ஷன் வாசலில் நின்றான். கையில் சின்ன சிராய்ப்பு, தள்ளுமுள்ளில் விழுந்தானாம். இருவரும் பேசாமல் பரோட்டா சாப்பிட்டோம். கடைசியில், "ஜெயிச்சாங்களா?" என்று கேட்டான். எனக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது. "இத்தனை வருஷம் கத்தி டில்லி காதுல விழலை. இன்னைக்கு ஒரு ஷூ விழுந்துது, எல்லாச் சேனலும் வந்துருச்சு" என்றான். நான் ஷூவைப் பற்றி மட்டும் சண்டை போட்டேன். மற்றதில் அவன் சொன்னது சரி.

கோயம்பேட்டில் ஒன்றரை மணிக்குப் பஸ் கிடைத்தது. உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் எல்லாம் தூக்கத்தில் போயின. வாழப்பாடியில் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. நேராகப் பட்டறைக்குப் போனேன்.

அன்றே செய்தி வந்துவிட்டது. சென்னையில் மீதி ஆட்டம் எதுவும் கிடையாது, எல்லாம் புனேவுக்கு. அந்தப் பக்கம் ஜெயித்ததாகச் சிலர் கொண்டாடினார்கள், இந்தப் பக்கம் சிலர் ரசிகர்களுக்கு விட்ட ரயிலில் ஏறிப் புனேவுக்கே போனார்கள். எனக்கு அந்தச் சாக்குப் பை அண்ணன் நினைவுதான் வந்தது. ஒரு சீசனுக்கென்று அச்சடித்து வைத்த பனியன்கள். அவர் என்ன செய்தாரோ.

ஜூன் 1-ஆம் தேதி காவிரி மேலாண்மை ஆணையத்தை அரசிதழில் அறிவித்தார்கள். ஆனால் அந்த வருடம் அணையை நிரப்பியது ஆணையம் இல்லை, மேற்கே கொட்டிய மழை. ஜூலை 19-இல் மேட்டூர் திறந்தது, 23-ஆம் தேதி 120 அடி. ஆகஸ்டில் பதினாறு கண் மதகு வழியாக வெள்ளமாகவே வந்தது. பூலாம்பட்டியில் படகை நிறுத்திவிட்டார்கள். "தண்ணி கேட்டோம், வெள்ளத்த அனுப்பிட்டாங்க" என்று அப்பா போனில் சிரித்தார்.

அதைப் பார்க்க செந்தில் ஊருக்கு வந்திருந்தான். பைக்கில் மேட்டூர் போனோம். பதினாறு கண் பாலத்தருகே கூட்டமான கூட்டம், எல்லார் கையிலும் போன். சாரல் முகத்தில் அடித்தது. திரும்பும்போது மீன் வறுவல் கடையில் உட்கார்ந்தோம். அவன் இரண்டு தட்டு சாப்பிட்டு மூன்றாவது சொன்னான்.

"டேய், போதும்டா" என்றேன்.

"நீ எனக்கு 1300 ரூவா தரணும். இன்னும் நிறைய மீனு இருக்குது."