கள்ள ஓட்டும் 17சி படிவமும்: ஆர்.கே. நகரில் பூத் ஏஜென்டாக உட்கார்ந்த அனுபவம்

தேர்தல் முடிவு வந்த மறுநாள் தண்டையார்பேட்டை டீக்கடைகளில் தோற்ற கட்சிக்காரர்கள் சொல்வது ஒன்றுதான்: "மெஷின்ல ஏதோ பண்ணிட்டானுங்க." இப்போது ஜெயித்தவர் போன தடவை தோற்றபோது இதையேதான் சொல்லியிருப்பார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "உங்க பூத்தோட 17சி கையில இருக்கா?" பெரும்பாலும் வரும் பதில், "அது இன்னா?" பூத்தில் மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்தது என்று தலைமை அலுவலர் எழுதிக் கையெழுத்திட்டுத் தரும் கணக்குப் படிவம் அது.

2021 ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தலில் நான் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தேன். எந்தக் கட்சிக்கு என்பது இங்கே தேவையில்லை. தொகுதி ஆர்.கே. நகர். எங்கள் தொகுதியின் பேர் ஊரறிந்தது. ஜெயலலிதா மறைவுக்குப் பிறகு 2017 ஏப்ரல் 12 அன்று நடக்க வேண்டிய இடைத்தேர்தலைப் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையமே ரத்து செய்தது. அதே ஆண்டு டிசம்பர் 21-ல் மறுபடி நடந்தபோது 20 ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்தார்கள் என்று புகார் கிளம்பியது. பட்டியலில் போலி வாக்காளர்கள் இருக்கிறார்கள் என்ற விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போனது. வெளியூரில் "ஆர்.கே. நகர்" என்றாலே ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கேட்டுத்தான் உள்ளே போய் உட்கார்ந்து பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

வேலை தேர்தல் அன்று காலையில் தொடங்குவதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடப்பதில்தான் அது தொடங்குகிறது. எங்கள் பாகத்தில், அதாவது எங்கள் பூத்துக்கான பட்டியல் பகுதியில், கதவு எண் பழையது, புதியது என்று இரண்டு. ஒரே வீட்டு எண்ணில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். உடனே "போலி" என்று கத்தத் தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் ஸ்டோர் வீடு, வரிசையாகக் குடித்தனங்கள், எல்லாருக்கும் ஒரே கதவு எண். இறந்துபோனவர்கள் பட்டியலில் நிறையப் பேர் இருந்தார்கள். நீக்கச் சொல்லிப் படிவம் 7 கொடுக்கக் குடும்பத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை, ரேஷன் கார்டில் மட்டும் பேர் எடுக்க ஓடுவார்கள். அப்புறம் இடம் மாறியவர்கள். வாடகை கட்டுப்படியாகாமல் மணலி, மாதவரம் பக்கம் போனவர்கள். கால்வாய் ஓரக் குடிசைகளை எடுத்தபோது பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்டவர்கள். பென்சிலால் இறந்தவருக்கு ஒரு குறி, மாறியவருக்கு ஒரு குறி போட்டு வைத்தேன். தேர்தல் அலுவலர்களிடமும் இதே மாதிரி ஒரு பட்டியல் உண்டு. இல்லாதவர், இடம் மாறியவர், இறந்தவர் என்று தனியாக. அந்தப் பேரில் யாராவது வந்தால் அடையாள அட்டையைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

நியமனம் பெரிய விஷயமில்லை. படிவம் 10-ல் வேட்பாளரோ அவருடைய தலைமை ஏஜென்டோ கையெழுத்துப் போட்டுத் தருவார். அதை பூத்தில் தலைமை அலுவலரிடம் கொடுத்து அவர் எதிரில் நாமும் கையெழுத்துப் போட வேண்டும். செல்போன் உள்ளே கூடாது.

வாக்குப்பதிவு காலை 7 மணிக்கு. மாதிரி வாக்குப்பதிவு அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு, அதாவது ஐந்தரைக்கு. என்னைக் கேட்டால் மொத்த நாளில் மிக முக்கியமான நேரம் இதுதான். ஆனால் எங்கள் பூத்தில் அப்போது வந்திருந்தவர்கள் என்னையும் சேர்த்து இரண்டு மூன்று பேர். மற்றவர்கள் ஏழு மணிக்குச் சட்டை மடிப்புக் கலையாமல் வந்தார்கள். ஏஜென்ட் வரவில்லை என்றால் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அலுவலர்கள் தாங்களாகவே நடத்திவிடலாம். வராதவர் பிறகு "மெஷினில் முன்னாடியே ஓட்டு இருந்தது" என்று சொல்ல எந்த உரிமையும் இல்லை என்பது என் கருத்து.

மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது 50 ஓட்டு போட வேண்டும். நோட்டா உட்பட ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தினோம். யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபாட் கருவியின் கண்ணாடிக்குள் சீட்டு 7 விநாடி தெரிந்து விழுகிறது. அப்புறம் ஓட்டுகள் பதிவாகும் கன்ட்ரோல் யூனிட்டில் முடிவைப் பார்த்து, சீட்டுகளை எண்ணி, இரண்டும் ஒன்றா என்று சரிபார்த்தோம். பிறகு அத்தனையையும் அழித்து, மொத்தம் பூஜ்யம் என்று காட்டினார்கள். மாதிரிச் சீட்டுகளுக்குப் பின்னால் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு சீல் வைத்தார்கள். கன்ட்ரோல் யூனிட்டில் வைக்கும் பச்சைக் காகித சீலில் ஏஜென்ட்களும் கையெழுத்துப் போடலாம். போட்டேன். சீல் எண்ணையும் கருவி எண்ணையும் என் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டேன். பக்கத்திலிருந்த எதிர்க்கட்சிப் பையன், "இதெல்லாம் எதுக்குண்ணே?" என்றான். "ராத்திரி சொல்றேன்" என்றேன்.

கொரோனா காலம். வருகிறவர்களுக்கெல்லாம் வலது கைக்கு பிளாஸ்டிக் கையுறை. முகக்கவசத்தைக் கீழே இறக்கச் சொல்லித்தான் முகத்தையே பார்க்க முடிந்தது. முதல் அலுவலர் பேரையும் வரிசை எண்ணையும் சத்தமாக வாசிப்பார், நாம் நம் பட்டியலில் கோடு போட வேண்டும். இரண்டாமவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, ஓட்டுப் போட வருகிறவர்களைப் பதியும் 17ஏ பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார். அவ்வளவுதான் வேலை. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கண் செருகும். வெளியே பிரியாணிப் பொட்டலம் வந்துவிட்டது என்று ஒருவர் எழுந்தால் பின்னாலேயே இன்னொருவர். கள்ள ஓட்டு என்ற ஒன்று நடக்க வேண்டுமானால் இந்த நேரத்தில்தான் நடக்கும். அதற்கு ஹேக்கர் எல்லாம் தேவையில்லை, ஆள் இல்லாத நாற்காலி போதும். மாற்று ஏஜென்ட் வைத்துக்கொள்ள விதியிலேயே இடமிருக்கிறது. நாங்கள் வைத்திருந்தோம், ஒருவர் உள்ளே வந்த பிறகுதான் மற்றவர் எழுவது.

நாலு மணி சுமாருக்கு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா வந்தார். பேரை வாசித்ததும் எனக்கு எதிரில் இருந்த ஏஜென்ட் எழுந்து, "இந்த அட்ரஸ்ல இப்படி யாரும் இல்லை, ஆட்சேபணை" என்றார். என் பட்டியலிலும் அந்தப் பேருக்கு நேரே "மாறியவர்" குறி இருந்தது. இப்படி ஆட்சேபிக்கக் கட்டணம் 2 ரூபாய். 1961-ஆம் வருஷத்து விதி, இன்றும் அதே இரண்டு ரூபாய்தான். பணம் கட்டியதும் தலைமை அலுவலர் அந்த இடத்திலேயே ஒரு சிறு விசாரணை நடத்த வேண்டும். ஆள்மாறாட்டம் உறுதியானால் போலீஸில் ஒப்படைக்கலாம். உறுதியாகவில்லை என்றால் ஓட்டுப் போட விட வேண்டும்.

அக்காவுக்கு வந்ததே கோபம். "இன்னாபா, ரெண்டு ரூபாதானா என் ஓட்டு? பெரும்பாக்கத்துலருந்து ரெண்டு பஸ் மாறி வந்துக்கிறேன், நீ இன்னாடான்னா யாருன்ற?" என்று பிடித்துக்கொண்டார். வாக்காளர் அட்டை கையிலேயே இருந்தது. படம் பழையது, அடையாளம் அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை. தலைமை அலுவலர் பொறுமைசாலி. வீட்டுக்காரர் பேர், பக்கத்து வீட்டில் யார், தெரு முனையில் என்ன கோயில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வரிசையில் நின்ற ஒரு பாட்டி, "இவ என் கண்ணு முன்னாடி பொறந்தவ" என்று உள்ளே எட்டிச் சொன்னார். அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது? ஓட்டுப் போட்டார். ஆட்சேபணைப் பட்டியலில் அவர் விவரமும் கையெழுத்தும் ஏறின.

ஆட்சேபித்தவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் தன் வேலையைச் செய்தார். ஆனால் இந்தக் கண்காணிப்பு எப்போதும் யார் கழுத்தில் போய் விழுகிறது என்று பாருங்கள். சொந்த வீட்டில் முப்பது வருஷம் இருப்பவரை யாரும் "நீ யார்?" என்று கேட்பதில்லை.

பக்கத்து பூத்தில் வேறு கதை. ஒரு இளைஞர் போனபோது அவர் பேரில் ஏற்கெனவே ஓட்டு விழுந்திருந்தது. சினிமா புண்ணியத்தில் "49பி" என்ற வார்த்தை இப்போது எல்லாருக்கும் தெரியும்: தன் பேரில் வேறொருவர் ஓட்டுப் போட்டிருந்தால் காகிதச் சீட்டில் ஓட்டுப் போட இடம் தரும் விதி. அவரும் அதைக் கேட்டுத் தகராறு செய்து, படிவம் 17பி-யில் கையெழுத்துப் போட்டு, காகித வாக்குச்சீட்டில் ஓட்டுப் போட்டார். படத்தில் அவ்வளவாக நினைவில் நிற்காத விஷயம் ஒன்று உண்டு: அந்தச் சீட்டு தனி உறையில் சீல் வைக்கப்படும், சாதாரண எண்ணிக்கையில் சேராது. யாராவது 45 நாளுக்குள் உயர்நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட்டு, நீதிமன்றம் கேட்டால்தான் உறை பிரியும்.

ஏழு மணிக்கு முடிந்தது. எங்கள் பூத்தில் பட்டியலில் இருந்த பேர்களில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் ஓட்டு விழுந்திருந்தது. சென்னை முழுக்கவே அப்படித்தான், சுமார் 59 சதவீதம். என் பென்சில் குறிகளைச் சரிபார்த்தேன். "இறந்தவர்" குறி போட்ட பேர் ஒன்றில்கூட ஓட்டு விழவில்லை. "மாறியவர்" குறியில் விழுந்தவை நேரில் வந்தவர்களுடையவை, பாதி முகம் எனக்கே தெரியும். என் பூத்துக்கு மட்டும்தான் இதைச் சொல்ல முடியும், அடுத்த பூத்துக்கு அங்கே உட்கார்ந்தவர்தான் சொல்ல வேண்டும். பட்டியல் அழுக்காக இருப்பதும் ஓட்டு திருடு போவதும் ஒன்றல்ல என்பது அன்று எனக்கு உறைத்தது.

அடுத்தது 17சி. கன்ட்ரோல் யூனிட்டில் வாக்குப்பதிவை முடித்து மொத்தத்தைப் பார்ப்பார்கள். 17ஏ பதிவேட்டில் கடைசி எண் என்ன, யாராவது கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டுப் போடாமல் போனார்களா, இயந்திரத்தில் மொத்தம் எவ்வளவு, சீல் எண்கள் என்னென்ன என்று எல்லாமே அந்த ஒரு படிவத்தில் வரும். அதன் நகலைக் கையெழுத்திட்டு ஒவ்வொரு ஏஜென்டுக்கும் தருவது தலைமை அலுவலரின் கடமை. முந்தின நாளிலிருந்து தூங்காத மனிதர். "பஸ் வந்துடும் சார், நாளைக்கு வாங்கிக்கலாமே" என்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நகரவில்லை. "எழுதுங்க சார், நான் கார்பன் பிடிக்கிறேன்" என்றேன். பிரியாணிக்கு எழுந்தவர்கள் இதற்கும் இல்லை, எப்போதோ வீட்டுக்குப் போயிருந்தார்கள். காலையில் கேள்வி கேட்ட பையன் மட்டும் இருந்தான். அவனுக்கும் ஒரு நகல் வாங்கிக் கொடுத்து, நோட்டில் இருந்த சீல் எண்ணும் படிவத்தில் இருந்த எண்ணும் ஒன்றாக இருப்பதைக் காட்டினேன்.

அன்று ராத்திரி போன் ஓயவில்லை. வேளச்சேரியில் இயந்திரங்களை ஸ்கூட்டரில் கொண்டுபோனவர்களை மக்கள் மடக்கிவிட்டார்கள் என்று செய்தி. அதில் ஒரு விவிபாட், பூத்தில் கொஞ்ச நேரம் பயன்பட்டு மாற்றப்பட்டது என்று பிறகு தெரிந்தது. அங்கே 92-ஆம் எண் பூத்தில் ஏப்ரல் 17 அன்று மறுவாக்குப்பதிவு நடத்த வேண்டியதாயிற்று. ஒரு ஸ்கூட்டர் பயணம் ஊர் முழுக்க எத்தனை பேரைத் தூங்கவிடாமல் செய்தது!

எங்கள் இயந்திரம் ராணி மேரி கல்லூரிக்குப் போனது. மே 2 வரை அங்கேதான். 17சி நகலை எங்கள் கவுண்டிங் ஏஜென்டிடம் கொடுத்திருந்தேன். எண்ணும் மேஜையில் இயந்திரம் காட்டிய மொத்தமும் படிவத்தில் இருந்த மொத்தமும் ஒன்றுதான் என்று போன் செய்து சொன்னார். பூத்தில் எங்களுக்கு எவ்வளவு என்று கேட்டேன். அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

2025 நவம்பரில் எஸ்.ஐ.ஆர். என்ற வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது அந்தப் பழைய பட்டியலைத் தேடி எடுத்தேன். டிசம்பர் 19 வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பேர்கள் இல்லை. எங்கள் பாகத்தில் இறந்தவர்கள் போயிருந்தார்கள், நல்லது. பெரும்பாக்கத்து அக்கா பேரும் இல்லை. சட்டப்படி பார்த்தால் அவர் ஓட்டு குடியிருக்கும் இடத்தில், சோழிங்கநல்லூர் தொகுதியில்தான் இருக்க வேண்டும். ஆனால் இங்கிருந்து எடுத்தவர்கள் அங்கே சேர்த்திருக்கவில்லை. பேர் சேர்க்கும் படிவம் 6-ம் உறுதிமொழியும் நிரப்ப உட்கார்ந்தோம். இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் அவர் பேரோ பெற்றோர் பேரோ இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். தொகுதி மறுவரையறைக்கு முந்தைய பட்டியல் என்பதால் பாகம் எண்ணெல்லாம் வேறு. கொருக்குப்பேட்டைத் தெருக்களை ஒவ்வொன்றாகப் புரட்டி ஒருவழியாக அவர் அப்பா பேரைப் பிடித்தோம். அந்தப் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் எழுதி, பெரும்பாக்கம் முகவரி போட்டு விண்ணப்பத்தைக் கொடுத்தார்.