450 ரூபாய் இழைப்புளி: அடிப்பாகம் ஒருவழியாகச் சமமாகிவிட்டது

நேற்று ராத்திரி பத்தரை மணிக்குத் தேக்குச் சட்டத்திலிருந்து ஒரு சுருள் அறுபடாமல் முழு நீளத்துக்கும் வந்தது. வெங்காயச் சருகு போல அவ்வளவு மெல்லிசு. விரலில் ஒட்டினால் ரேகை தெரிந்தது. மூன்று வாரமாக இதற்காகத்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம் தாங்கவில்லை, எழுதிவிடுகிறேன்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் எடுத்தது, மரத்தைச் சீவிச் சமமாக்கும் இரும்பு இழைப்புளி. 5-ஆம் நம்பர், 14 அங்குலம். பெரியவர் எழுநூறு சொன்னார்.

"ஐயா, கைப்பிடி பாதிதான் இருக்கு."

"கைப்பிடிய நீயே செஞ்சிக்க மாட்டியா தம்பி? இரும்பப் பாரு."

இரும்பு நன்றாகத்தான் இருந்தது. 450-க்கு முடிந்தது. புதிதாக எடுத்தால் உருப்படியான ஒன்று இரண்டாயிரத்துக்குக் கீழே எனக்குக் கிடைத்ததில்லை.

பழசு வாங்கும்போது துருவைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். சிட்ரிக் ஆசிட் கரைத்த தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறினால் போய்விடும். எடுத்த கையோடு ஆப்பசோடா தண்ணீரில் அலசித் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் பூசிவிட வேண்டும். சென்னைக் காற்றுக்குக் கொஞ்சம் அசந்தாலும் மறுபடி துரு ஏறும். விரிசல்தான் ஆபத்து. அடிப்பாகத்தில் பிளேடு வெளியே நீட்டும் இடுக்குதான் வாய்; அந்தப் பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். பிளேடின் முதுகில், கூர்முனையை ஒட்டிக் குழி விழுந்திருந்தால் சாணை பிடித்தும் பிரயோஜனமில்லை. ஸ்குரூ எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிவிடுங்கள். இந்த ரக இழைப்புளிகளின் மரை நம்மூர் நட்டு போல்ட் கடைச் சரக்கோடு பொருந்தாது. ஒன்று தொலைந்திருந்தாலும் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். பேரம் பேசி மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும்.

இனி அடிப்பாகம். ஸ்டீல் ஸ்கேலை நீளவாக்கில் வைத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தால், வாய்க்கு முன்னால் வெளிச்சம் ஒழுகியது. நடுவில் பள்ளம். கிரானைட் கடையில் சமையல் மேடை வெட்டி மிஞ்சிய துண்டை நூறு ரூபாய்க்கு வாங்கி, அதன்மேல் 80-ஆம் நம்பர் எமரித் தாளை ஓரங்களில் மட்டும் டேப் போட்டு ஒட்டினேன். எங்கே தேய்கிறது என்று தெரிய, அடிப்பாகம் முழுக்க மார்க்கரால் கோடு போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன்.

ஒரு வாரம் போனது. மூக்கும் வாலும் பளபளவென்று மின்னின, வாய் ஓரத்துக் கோடு அப்படியே இருந்தது. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் இப்போது மூக்கு நுனியிலும் வெளிச்சம்! கண்ணைத் தாள் மட்டத்துக்குக் கொண்டுபோய் மெதுவாகத் தள்ளிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. தள்ளும்போது முன்னால் தாள் அலைபோல எழும்புகிறது. அந்த அலை ஒவ்வொரு தள்ளலிலும் நுனியைத் தின்கிறது. போதாக்குறைக்கு, தாள் 11 அங்குலம், இழைப்புளி 14 அங்குலம். நடுவில் இணைப்பு வேறு தட்டிக்கொண்டிருந்தது.

பாரிமுனைக்குப் போய், லிங்கிச் செட்டித் தெருவில் மீட்டர் கணக்கில் எமரி ரோல் வாங்கினேன். மெல்லிய இரட்டைப் பக்க டேப்பை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் கல் முழுக்க ஒட்டி, அதன்மேல் ரோலை அழுத்திப் பதித்தேன். இன்னொன்றையும் திருத்தினேன்: முதல் வாரம் பிளேடைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் உடம்பைத் தேய்த்தது தப்பு. பிளேடை உள்ளே இழுத்து வைத்து, வேலை செய்யும்போது எவ்வளவு இறுக்குவோமோ அவ்வளவு இறுக்கிவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். அந்த இறுக்கத்தில் இரும்பு ஒரு மயிரிழை வளையும். மூன்றே சாயங்காலத்தில் வாய் ஓரத்துக் கோடு அழிந்தது. அப்புறம் 120, 220. அதற்குமேல் மினுக்க வேண்டியதில்லை.

எமரிக்கு மட்டும் 320 ரூபாய் ஆனது. அதில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். மட்டமான தாள் பத்துத் தள்ளலில் மணலை உதிர்த்துவிட்டு வழுக்கும். எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குள் முடிந்துவிட்டது.

இதே கணக்கில்தான் போன மாதம் அலமாரி மாட்ட ஹேமர் டிரில்லை வாடகைக்கு எடுத்தேன். வருஷத்துக்கு எட்டு ஓட்டை போடுகிறவனுக்குச் சொந்த மிஷின் எதற்கு? ஆனால் பிட் என்னுடையது. வாடகை பிட் எத்தனை கான்கிரீட்டைப் பார்த்திருக்குமோ!

கைப்பிடி இன்னும் பாக்கி. இப்போதைக்கு உடைந்த கழுத்தில் சைக்கிள் டியூப்பைச் சுற்றி ஓட்டுகிறேன். பழைய கதவிலிருந்து ஈட்டி மரத் துண்டு ஒன்று இருக்கிறது. மரத்தின் ரேகை இழைப்புளியின் அடிப்பாகத்துக்கு இணையாக ஓடும்படி வெட்டினால்தான் கழுத்து தாங்கும். அதற்கு முன்னால் லேத் பட்டறையில் கேட்டு வைத்திருக்கும் முறிந்த பவர் ஹேக்ஸா பிளேடில் ஒரு கோடு போடும் கத்தி செய்ய ஆசை.

தேக்கில் சரி. வேம்பில் சுருள் வாயில் அடைக்கிறது. பிளேடின் மேல் உட்கார்ந்து சுருளை மடக்கிவிடும் தகடான சிப் பிரேக்கர், பிளேடோடு ஒட்டும் இடத்தில் வலது மூலையில் மட்டும் வெளிச்சம் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் உட்கார்ந்து தேய்க்கப் போகிறேன்.