கோரை பிடுங்க ஒரு அனுமதிக் கடிதம்

கடைசியில் கடிதம் கைக்கு வந்துவிட்டது. வவுனியா, முல்லைத்தீவுக் குளக்கரைகளில் வளரும் கோரை இனங்களைச் சேகரித்து வகைப்படுத்துவதுதான் என் ஆய்வு. இதே வேலையில் இறங்கப்போகும் வன்னிப் பிள்ளைகளுக்காக, இடறிய இடங்களை மட்டும் எழுதுகிறேன். பல்கலைக்கழகக் கடிதம், ஆய்வு முன்மொழிவு எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

முதல் தலையிடி, குளம் யாருடையது என்பது. பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ் வரும். 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும் சிறு குளங்கள் பொதுவாகக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. காட்டுக்குள் தூர்ந்து கிடக்கும் பழைய குளம் என்றால் வனவளத் திணைக்களமா, வனஜீவராசிகள் திணைக்களமா என்று வரைபடத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கிராம அலுவலரிடம் முதலில் கேளுங்கள். கந்தோர் கந்தோராக அலைவதைவிட அது எவ்வளவோ மேல்.

அப்புறம்தான் அந்த மேசை, அனுமதி கேட்ட கந்தோரில் விண்ணப்பம் வாங்கும் அதிகாரியின் மேசை. விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், "கோரைப்புல்லுக்கு என்னத்துக்குப் பிள்ளை பெர்மிட்? வயல்ல கிடக்கிறத மருந்தடிச்சுச் சாக்காட்டுறாங்கள்" என்றார் அவர். வாங்கவே மாட்டேன் என்று நின்றவரிடம், பதிவு முத்திரை குத்தித் தாருங்கள் என்று நானும் நின்றேன். குத்தினார். வாரக்கணக்காகக் காத்திருந்து கடிதத்தைப் பிரித்தால், உள்ளே சென்று புகைப்படம் எடுக்க மட்டும் அனுமதி! வேரோடு மாதிரி எடுக்க வேண்டும், இனத்துக்கு இத்தனை தாள் (உலர்த்திய செடியை ஒட்டிய தாள்) வேண்டும் என்று விண்ணப்பத்தில் தெளிவாக எழுதியிருந்தேன். அந்தப் பந்தியையே காணோம். புல்லுக்கு அனுமதி எதற்கு என்று கேட்ட அதே கந்தோரின் கடிதத்தைக் காட்டி, ஒரு செடியைக்கூடப் பிடுங்க விடாமல் வாசலில் திருப்பி அனுப்பினார்கள்.

கோரையைப் படம் பார்த்து இனங்காண முடியாது. பல இனங்களின் காய் ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான் இருக்கும். அது வழுவழுப்பா, முண்டு முண்டா என்பதை நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் பல இனங்கள் பிரியும். அடியில் கிழங்கு ஓடுகிறதா, வெறும் வேர்க்கொத்தா என்பதும் தெரிய வேண்டும். மாரியில் நிரம்பிய குளம் வற்றி நீர் விலகும் சேற்றில் அவை பூத்து, காய்த்து, சீக்கிரமே உதிர்ந்துவிடும். மிஞ்சியதை மாடுகள் மேய்ந்துவிடும். கடிதத்தைத் திருத்தி வாங்குவதற்குள் அந்தப் பருவம் போயே போய்விட்டது. இப்போது நினைத்தாலும் நெஞ்சு எரிகிறது.

அடுத்த பருவத்தில் வேலை மளமளவென்று நடந்தது. ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் இல்லாமல் போயிருக்கவே கூடாது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, அதாவது கண்ணிவெடி எச்சரிக்கை, தெரியும் பக்கம் எவ்வளவு அரிய செடி நின்றாலும் கால் வைக்காதீர்கள். பலகை விழுந்து கிடக்கும் இடங்களும் உண்டு. மாடு மேய்க்கிறவர்களுக்குத்தான் தடம் தெரியும். எனக்கு ஒன்றாகத் தெரிந்த இரண்டு கோரைகளை, "இது தண்ணிக்குள்ள நிக்கும், அது வரம்போரம்தான் வரும் பிள்ளை" என்று அந்த ஐயா பிரித்து வைத்தார். நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது காய் வேறு வேறு. அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

பிடுங்கிய செடியைப் பத்திரிகைத் தாள்களுக்கிடையில் அழுத்தி உலர்த்த வேண்டும். நீளமான செடியை ஆங்கில 'V' போல மடக்கினால் தாளுக்குள் அடங்கும். பழைய பத்திரிகைத் தாளை நாள்தோறும் மாற்றுங்கள். ஒருநாள் விட்டாலும் பூஞ்சணம் பிடிக்கும். உதிரும் காயைச் சிறு கடதாசி உறையில் போட்டு, உலர்ந்த செடியை ஒட்டும் தாளிலேயே ஒட்டுங்கள். சேகரிப்பு எண், இடம், ஆழம், திகதி எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுங்கள், பேனை மை ஈரத்தில் ஓடிவிடும்.

பேராதனைத் தாவரவியல் பூங்காவிலுள்ள தேசிய ஹெர்பேரியத்தில் (உலர்த்திய செடிகளைச் சேமித்து வைக்கும் இடம்) பழைய தாள்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். முன்கூட்டியே எழுதிவிட்டுப் போனதால் அங்கே எந்தச் சிரமமும் இல்லை. நூறு வருடத்துக்கு முந்திய கோரையின் காய் இன்னும் உறைக்குள் இருப்பதைப் பார்த்தபோது, எங்கள் குளங்களின் தாள்களும் அப்படிப் போய்ச் சேர வேண்டும் என்ற வெறியே வந்துவிட்டது.

விண்ணப்பிக்கப் போகிறவர்கள் மழை தொடங்க முன், புரட்டாதியிலேயே கொடுத்துவிடுங்கள். கடிதம் வந்ததும் அந்த இடத்திலேயே நின்று முழுக்க வாசியுங்கள். "வேரோடு மாதிரி சேகரிக்க" என்று இல்லாவிட்டால் படியிறங்காமல் அப்போதே திருத்தக் கேளுங்கள். சிங்களத்தில் மட்டும் வந்திருந்தால், வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள்.