சலாம் சொன்ன அம்மா

அம்மாவை, கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்து மூன்று கிழமை ஆகியிருந்தது. மறதி நோய் வந்த பிறகு, தெரிந்த கொஞ்ச ஆங்கிலமும் போய் யாழ்ப்பாணத் தமிழ் மட்டும்தான் மிச்சம்.

அங்கே அவரைப் பார்த்துக்கொள்ளும் பிலிப்பைன்ஸ் பிள்ளை ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உங்கள் அம்மா நல்ல மரியாதை தெரிந்தவர். என்னைக் கண்டால் சலாம், சலாம் என்பார். நானும் திருப்பிச் சொல்லுவேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் பிசைந்தது. அது சலாம் இல்லை, சலம். ஊரில் சிறுநீரை அப்படித்தானே சொல்வோம். மனுசி கழிவறைக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டிருக்கிறார், கிடைத்தது வணக்கம். கோப்பில் "கட்டுப்பாடு இல்லை" என்று எழுதி, டயப்பரும் கட்டியாச்சு. அன்றைக்கு நேர்ஸிடம் நான் சத்தம் போடவில்லை என்றால் பொய்.

இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் ஆளைச் சேர்த்து 6 கிழமைக்குள் குடும்பத்தையும் கூப்பிட்டுப் பராமரிப்புக் கூட்டம் வைக்கவேண்டும், பிறகு வருசத்துக்கு ஒருதரமாவது. சட்டமே அப்படி. கூட்டத்துக்கு ஒரு தாளோடு போனேன். சலம், நோகுது, பசிக்குது, குளிருது... ஆங்கில எழுத்தில், பக்கத்தில் அர்த்தம். அதைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கழிவறைக்குக் கூட்டிப்போவதும் திட்டத்தில் ஏறியது.

அப்புறம் எனக்கு ஏச்சு விழுந்தது. ஃபிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுபோய் ஒருவருக்கும் சொல்லாமல் கொடுத்துவந்தேன். நான் வந்துபோகும் நாட்களில் மட்டும் அம்மா இருமுவதை அந்தப் பிள்ளை கவனித்து வைத்திருந்தாள். விழுங்குவதைச் சோதித்துப் பார்த்தார்கள். தண்ணியாக எது கொடுத்தாலும் சுவாசக் குழாய்ப் பக்கம் போகிறது. இப்போது தேத்தண்ணிக்குள் ஒரு மாவைக் கலக்கி, கூழ்ப் பதத்தில் கரண்டியால் கொடுக்கிறோம். பார்க்கச் சகிக்காது. அம்மா சப்புக்கொட்டிக் குடிக்கிறார்.

போன செவ்வாய் அறை வாசலில் நிற்க, உள்ளே அவளின் குரல்: "அம்மா, சலம்?"

"இல்லைப் பிள்ளை, இப்பதானே போனனான்."

அவளுக்கு "இல்லை" மட்டும் விளங்கியிருக்கும். தாளில் அதுவும் இருக்கிறது.