படகில் எட்டு ஓட்டை

மாமனார் கையில் டார்ச்சும் எம்சீலும் ஒரே நேரத்தில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வீட்டுக் குழாய்கள் அத்தனையும் சாட்சி. இந்த முறை மாட்டியது மச்சான் மீன் பிடிக்க வாங்கின கயாக், அதாவது உட்கார்ந்தபடி துடுப்புப் போடுகிற சின்னப் படகு.

வியாழக்கிழமை குட்டி யானையில் வந்து இறங்கியது, 12 அடி நீளத்தில் பச்சைப் பிளாஸ்டிக். சனிக்கிழமை ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மனுஷன் கார் பார்க்கிங்குக்கு இறங்கிப் போய் அதைப் புரட்டிப் போட்டுப் பார்த்திருக்கிறார். அடியில் எட்டு ஓட்டை. கட்டைவிரல் தாராளமாக நுழையும். "காசையும் வாங்கிக்கிட்டு ஓட்டைப் படகைக் குடுத்தனுப்பிருக்கான் பாரு" என்று அத்தையிடம் மட்டும் சொல்லிவிட்டு, இருந்த எம்சீலையெல்லாம் பிசைந்து எட்டையும் அடைத்துவிட்டார். விடிந்தால் பையன் ஆசையாகக் கிளம்புவான், இந்த நேரத்தில் எழுப்பிச் சொல்லி மனசைக் கெடுப்பானேன் என்று நினைத்தாராம்.

அந்த எட்டும் ஓட்டையே இல்லை. ஸ்கப்பர். கயாக்கில் பொதுவாக இரண்டு சாதி உண்டு. உள்ளே காலை நுழைத்து உட்காருவது ஒன்று, மேலேயே உட்காருவது இன்னொன்று. மீன் பிடிக்க இரண்டாவதுதான், அதில் பேச்சே கிடையாது. உள்ளே உட்காரும் கயாக் கவிழ்ந்தால் தொட்டி போல நிரம்பிவிடும், நடுத்தண்ணியில் அதை இறைத்துக் காலி செய்வதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். மேலே உட்காருவதில் உடம்பு முழுக்க மூடிய காற்றறை. தளத்திலிருந்து அடிவரை குழாய் மாதிரி துளைகள் இறங்கும். அலை ஏறினால் அந்த வழியே வடிந்துவிடும், காற்றறைக்குள் ஒரு சொட்டு போகாது. நம் ஊர்க் கட்டுமரத்தில் மரத்துக்கு மரம் விட்ட இடுக்கு செய்கிற வேலையும் இதேதான். துளையை அடைத்தால் ஏறின தண்ணீர் தளத்திலேயே நிற்கும், படகு இப்படியும் அப்படியும் உருளும். அமைதியான தண்ணியில் கால் நனையாமல் இருக்க ரப்பர் அடைப்பான் போடுகிறவர்கள் உண்டு. அதுகூட நொடியில் பிடுங்கிவிடலாம் என்பதால்தான்.

நல்லவேளையாக எம்சீல் நிற்கவில்லை. முட்டுக்காடு போய்க் கூரையிலிருந்து இறக்கி மணலில் வைத்ததுமே எட்டும் வார்த்தெடுத்த தக்கை மாதிரி பொலபொலவென்று கழன்று விழுந்தன. எம்சீல் மேல் குற்றமில்லை. கயாக் பாலிஎத்திலீன். பொடியை அச்சுக்குள் கொட்டி, சூடாக்கிச் சுழற்றி வார்ப்பது. மொட்டை மாடித் தண்ணி டேங்கும் அதே சரக்கு, அதே முறை. எந்தப் பசையும் இதில் ஒழுங்காக ஒட்டாது. ஃபெவிக்விக், அரால்டைட் எல்லாமே கொஞ்ச நாளில் உரிந்து வந்துவிடும். நிஜமாகவே விரிசல் விட்டால் (பெரும்பாலும் ஸ்கப்பர் துளையைச் சுற்றித்தான் விடும்) டேங்க் வெல்டிங் பண்ணுகிறவரிடம் போக வேண்டும். சூடான காற்றடித்து அதே பிளாஸ்டிக் கம்பியை உருக்கிப் பூசிவிடுவார். விரிசல் ஓடாமலிருக்க அதன் இரண்டு முனையிலும் சின்னதாகத் துளையிட்டுவிட்டுத்தான் பூச வேண்டும். விரிசலே விடாமலிருக்க, ஸ்கப்பர் துளைக்குள் முட்டுக்கொடுத்துத் தூக்குகிற தள்ளுவண்டியை வாங்காமல், அடியில் வாரால் கட்டுகிற வண்டியை வாங்குவது உத்தமம்.

இந்த இடத்தில் அபார்ட்மெண்ட் சங்கச் செயலாளரைப் பற்றிச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. கயாக் முதலில் இரண்டாம் மாடிக்குத்தான் போவதாக இருந்தது. முதல் திருப்பத்தில் மூக்கு மேல் சுவரிலும் வால் கீழ்ப்படியிலும் முட்டிக்கொண்டு, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் ஒரு மணி நேரம் நின்றது. பால்காரர் அடியில் குனிந்து போனார். செயலாளர் மட்டும் மேலிருந்தே எட்டிப் பார்த்து, "தம்பி, இது டூவீலர் கணக்கா, ஃபோர்வீலர் கணக்கா?" என்றார். பார்க்கிங்குக்கு மாசம் எவ்வளவு என்று முடிவு செய்ய அடுத்த கூட்டத்தில் தனித் தீர்மானமாம். கயாக் வாங்குமுன் முதலில் அளக்க வேண்டியது வைக்கிற இடத்தை, இரண்டாவது மாடிப்படியை. வீட்டுக்குள்தான் வைத்தாக வேண்டுமென்றால் காற்றடிக்கிற வகையைப் பார்க்கலாம். கொக்கியும் கெளுத்தி முள்ளும் அதற்குச் சத்துரு என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

மச்சான் வாங்கின வரிசை இது: கேமரா, கூலிங்கிளாஸ், மீன் காட்டுகிற சோனார், தூண்டில் ராட் மூன்று, கயாக். லைஃப் ஜாக்கெட் பட்டியலிலேயே இல்லை. "எனக்குத்தான் நீச்சல் தெரியுமே மாமா."

சோனாரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒலிக்கற்றை சாதாரணமாக 20 டிகிரி கூம்பாக விரியும். கழிமுகத்தில் ஆழம் ஒன்றரை மீட்டர் இருந்தால் தரையில் அது பார்ப்பது அரை மீட்டர் வட்டம். குனிந்து பார்த்தால் கண்ணுக்கே தெரிகிற இடத்துக்கு பேட்டரி, வயர், ஸ்டாண்டு என்று மூன்று கிலோ சுமை. கடலுக்குள் பார் (அடியில் கிடக்கும் பாறைத்திட்டு) தேடுகிற நாள் வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

சுமைக் கணக்கு இன்னொரு கூத்து. கயாக்கின் தாங்குசக்தி 160 கிலோ என்று எழுதியிருக்கிறது. அது மூழ்காமல் மிதக்கிற கணக்கு, உட்கார்ந்து நிம்மதியாக மீன் பிடிக்கிற கணக்கு இல்லை. எழுதியிருப்பதில் 70 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அதாவது 112. மச்சான் 88. ஐஸ் பெட்டி, நங்கூரம், ராட், தண்ணீர் எல்லாம் சேர்த்து 27. ஆகமொத்தம் 115. மேலே அந்த மூன்று கிலோ, வழியில் நிறுத்திச் சாப்பிட்ட பொங்கல் வடை. சுமை கூடினால் தளம் நீர்மட்டத்துக்குத் தாழ்ந்து ஸ்கப்பர் வழியே தண்ணீர் மேலே கொப்பளிக்கும். மாமனார் பயந்தது அதைத்தான், காரணம்தான் வேறு.

துடுப்பு இலவசமாக வந்ததாம், 220 செ.மீ. இலவசத்தில் வருகிற துடுப்பு அப்படித்தான் இருக்கும். 34 அங்குல அகலம், உயர்த்தின இருக்கை என்றால் 250-க்குக் குறையக் கூடாது. குட்டைத் துடுப்பில் ஒவ்வொரு வீச்சுக்கும் விரல்முட்டி விளிம்பில் உரசும், தண்ணீர் மடியில் சொட்டும், படகு நேரே போகாமல் தலையாட்டும். ஒரு மணி நேரத்தில் ஆயிரம் வீச்சுக்கு மேல் போடுகிற கைக்கு அதில் 300 கிராம் குறைந்தாலும் சாயங்காலம் தோள்பட்டை நன்றி சொல்லும். ராடில் கஞ்சத்தனம் பண்ணுங்கள், துடுப்பில் வேண்டாம். ராடெல்லாம் ஆறரை ஏழடி, 3000 அளவு ரீல், 20 பவுண்டு பின்னல் நூல், முனையில் கொக்கிக்கு முன்னால் 40 பவுண்டு லீடர் நூல். கொடுவாவுக்கும் செப்பிலிக்கும் இதுவே போதும். மேற்கொண்டு அதில் ஆராய்ச்சிக்கு ஒன்றுமில்லை.

ஞாயிறு காலைக்கு வருவோம். காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு வருவதற்குள் ஐயா தண்ணியில் இறங்கிவிட்டார். ஜாக்கெட் போட்டிருந்தார், அதுவரை புண்ணியம். வெள்ளிக்கிழமை ஆளைக் கடைக்கு இழுத்துப்போய் வாங்க வைத்தது. முதுகுப்பக்கம் நுரை மேலே மட்டும் இருக்கிற வகை, அப்போதுதான் கயாக் இருக்கையின் முதுகில் முட்டாது. போட்டு வார்களை இறுக்கினதும் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். மோவாய்க்கு ஏறினால் சைஸ் சரியில்லை. வீட்டுக்கு வந்ததும் மாமனார் 34 வயசுப் பிள்ளையை ஹால் நடுவில் நிற்கவைத்து, தோளைப் பிடித்து நாலைந்து தரம் தூக்கித் தூக்கிப் பார்த்தார். திருப்தியில்லாமல் விசில் ஒன்றைக் கொண்டுவந்து ஜிப்பில் கட்டிவிட்டார். விசிலில் தப்பே இல்லை, அது இருந்தே ஆக வேண்டிய பொருள்.

போட்டிருக்க வேண்டிய இன்னொன்றைத்தான் போடவில்லை: வாலில் இருக்கும் வடிகால் திருகு. காற்றறைக்குள் புகுந்த தண்ணீரை வடிப்பதற்கான மூடி. வெயிலில் நிற்கும்போது உள்காற்று விரிந்து உடம்பு உப்பாமலிருக்க அதைத் திறந்து வைப்பது சரிதான். மாமனாரும் ராத்திரி 'காத்தாடட்டும்' என்று திறந்து வைத்திருக்கிறார். ஆக, அடைக்கக் கூடாத எட்டையும் அடைத்து, அடைக்க வேண்டிய ஒன்றைத் திறந்துவிட்டார். திருகு அவர் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது, சட்டை வாஷிங் மெஷினில் இருந்தது. உள்ளே 20 லிட்டர் புகுந்தால் 20 கிலோ. அந்த 20 கிலோவும் ஓரிடத்தில் நிற்காமல், படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். திருகைக் கயிறு போட்டுப் படகோடு கட்டிவைப்பது, இன்னொன்று வாங்கி ஜாக்கெட் பையில் போட்டு வைப்பது, இரண்டும் செய்ய வேண்டும்.

இதற்கு மேல் நங்கூரம். ஒன்றரை கிலோ மடக்கு நங்கூரம், சரியான அளவுதான். கயிறும் ஆழத்தைப் போல ஏழு மடங்கு விட்டான், அதுவும் சரி. கட்டினது இருக்கைக்குப் பக்கத்தில், கைப்பிடியில். கை எட்டுகிற இடமாம். நேரமோ வற்றம். உள்ளேயிருக்கிற தண்ணீர் முகத்துவாரத்தை நோக்கி இழுக்கிற நேரம். பக்கவாட்டில் கட்டினால் படகு நீரோட்டத்துக்குக் குறுக்கே நிற்கும். ஓட்டம் ஒரு பக்கத்தைத் தள்ளும், கயிறு அதே பக்க விளிம்பைக் கீழே இழுக்கும், விளிம்பில் தண்ணீர் ஏறும், அப்புறம் கேட்பானேன். நங்கூரக் கயிறு மூக்கிலிருந்தோ வாலிலிருந்தோதான் போக வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து அங்கே கை எட்டாது என்பதற்காகத்தான் பக்கவாட்டில் மூக்கு முதல் வால் வரை கப்பியில் ஓடுகிற கயிறு வளையம் இருக்கிறது. இரண்டு சின்னக் கப்பி, எட்டு மீட்டர் கயிறு, ஒரு வளையம். வளையத்தில் நங்கூரக் கயிற்றைக் கோத்து, இழுத்து வாலுக்கு அனுப்பிவிடலாம். கயிற்றின் இந்த முனையில் ஒரு மிதவை இருக்கட்டும். ஆபத்தென்றால் அவிழ்த்து எறிந்துவிட்டு, அப்புறம் வந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு கத்தியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கவிழ்ந்தான். மார்பளவு தண்ணிதான். ஆனாலும் ஏறத் தெரியவில்லை. காலைத் தொங்கவிட்டுக்கொண்டே விளிம்பைப் பிடித்து இழுத்தால் படகு மறுபடி நம் தலைமேல்தான் வரும், மூன்று முறையும் வந்தது. முதலில் காலைப் பின்னால் உதைத்து உடம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கிடையாகக் கொண்டுவர வேண்டும். பிறகு உந்தி, தொப்புள் இருக்கைக்கு மேல் வரும்வரை குறுக்கே ஏறி, புரண்டு உட்கார்ந்து, கடைசியில் கால். ராட் எதையும் ஏற்றாமல் வெறும் கயாக்கில் இதைப் பழகி முடித்த பிறகுதான் மீன் பேச்சே.

அந்தப் பக்கம் போன பெரியவர் ஒருத்தர் கோலை ஊன்றிப் படகை நிறுத்தி நிதானமாக வேடிக்கை பார்த்தார். "கயிறை மூக்குல கட்டுப்பா" என்றார். அவ்வளவுதான். நாம் பத்து வரி எழுதினதை மூன்று சொல்லில் முடித்துவிட்டுப் போய்விட்டார்.

கயிறு கட்டாத பொருள் எல்லாம் தண்ணிக்குச் சொந்தம். ராட் இரண்டு, பெட்டி, கூலிங்கிளாஸ் எல்லாம் போயின. துடுப்பு மட்டும் மிதந்தது. கரையில் நின்ற பையன்கள் முங்கி ஒரு ராடை எடுத்துத் தந்தார்கள். அந்த ராடில் கரையில் நின்றே போட்டு ஒரு கெளுத்தி பிடித்தான். முதுகில் ஒன்று, பக்கத் துடுப்பில் இரண்டு என்று மூன்று முள்ளும் விஷ முள். இடுக்கி இல்லாமல் கையில் பிடித்தால் குத்து நிச்சயம். குத்தினால் பொறுக்கிற அளவு வெந்நீரில் கையை முக்கி வைக்க வேண்டும், சுமார் 45 டிகிரி. டீக்கடைக்காரர் தயவில் அதுவும் ஆயிற்று.

"தடைக்காலத்துல வஞ்சிரம் என்ன விலை விக்குது தெரியுமா, ரெண்டே வருஷத்துல போட்ட காசை எடுத்துருவேன்" என்று அத்தையிடம் கணக்குக் காட்டியிருந்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான், துடுப்புக்கு இல்லை, அது வாஸ்தவம். கழிமுகத்துக்குள் வஞ்சிரம் வராது என்பதும் வாஸ்தவம்.

அத்தை கெளுத்தியைப் பார்த்தார், மகனின் வீங்கின விரலைப் பார்த்தார், புளியைக் கரைக்கப் போய்விட்டார். மறுநாள் சமையலறைக் காலண்டரில் இரண்டு எண்கள்: கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புப் போலீஸ் 1093. யாரிடம் விசாரித்தாரோ தெரியாது, இரண்டும் சரியான எண். கூடவே உத்தரவு. தண்ணியில் இறங்குமுன் எந்த இடம், எத்தனை மணிக்குத் திரும்புவான் என்று குடும்பக் குழுவில் போட வேண்டும். 'இறங்கிட்டேன்', 'ஏறிட்டேன்' இரண்டும் வர வேண்டும். பத்து நிமிஷம் தாமதமானால் போன், போன் எடுக்காவிட்டால் 1554. கயாக் ஓட்டுகிறவர்களுக்கு வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பதும் இதைத்தான், அதனால் எதிர்த்துப் பேச ஒன்றுமில்லை.

ஆனால் உத்தரவு வீட்டில் எல்லோருக்கும் பொதுவாம். நேற்று ஆபீஸுக்கு மெட்ரோ பிடித்த பத்தாவது நிமிஷம் போன். "மாப்பிள்ளை, ஏறிட்டேன்னு ஒரு வார்த்தை போடலையே நீங்க?"