எம்.ஆர்.ராதாவை ஆய்வுக்கு எடுத்தபோது

எம்.ஃபில். என்ற படிப்பு இருந்த காலத்தில் நான் எடுத்த தலைப்பு நடிகவேள் எம்.ஆர்.ராதா. முனைவர் பட்டத்துக்கோ முதுகலைத் திட்டக்கட்டுரைக்கோ நடிகர் ஒருவரின் வாழ்க்கையை எடுக்கப்போகிறவர்களுக்கு, நான் இடறிய இடங்களைச் சொல்லிவைக்கிறேன்.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் என் ஆய்வேட்டைப் புரட்டி நான்காம் இயலில் நிறுத்தினார். தலைப்பு ‘ராதாவின் மேடை நடிப்பு’. “இதில் இருபத்து மூன்று எடுத்துக்காட்டு கொடுத்திருக்கிறீர்கள். இருபத்து மூன்றும் சினிமாவில் இருந்து. மேடை எங்கேம்மா?” என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ‘ரத்தக்கண்ணீர்’ நாடகமும் படமும் ஒன்றுதானே என்ற நினைப்பில் எழுதியிருந்தேன். கதை திருவாரூர் தங்கராசுவுடையது. மேடையில் வருடக்கணக்கில் ஓடிய பிறகுதான் 1954இல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் படமானது. ஆனால் மேடையில் ராதா அன்றாடச் செய்திகளையும் ஊர் நடப்பையும் வசனத்துக்குள் இழுத்துவிடுவார். நேற்று பேசியது இன்று இருக்காது. ஆக, படத்தில் நாம் பார்ப்பது உறைந்துபோன ஒரே ஒரு வடிவம். இதை நான் முன்பே யோசித்திருந்தால் அந்த இயலையே வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

முதலில் ஒரு எளிய வேலை செய்யுங்கள். வருடங்களை எழுதி, பக்கத்திலேயே அவருடைய வயதையும் எழுதுங்கள். ராதா பிறந்தது 1907. சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனிக்குப் போய்விட்டார். ஜெகந்நாதய்யர் கம்பெனியில் வளர்ந்தவர். முதல் படம் ‘ராஜசேகரன்’ 1937இல், அப்போது வயது 30. 1940களின் தொடக்கத்தில் சினிமாவை விட்டு முழுக்க மேடைக்கே திரும்பிவிட்டார். ‘ரத்தக்கண்ணீர்’ வந்தபோது வயது 47. ‘பாவமன்னிப்பு’, ‘பாலும் பழமும்’ இரண்டும் 1961, வயது 54. இறந்தது 1979 செப்டம்பரில், 72 வயதில். இப்படி எழுதிப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது: நாம் திரையில் ரசிக்கும் ராதா கிட்டத்தட்ட முழுக்கவும் ஐம்பதை நெருங்கிய, ஐம்பதைத் தாண்டிய மனிதர். இளமையையெல்லாம் மேடை விழுங்கிவிட்டது, அதற்குப் படச்சுருள் கிடையாது.

அப்புறம், 1967 ஜனவரி 12. ராதா எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கு. நான் அதற்குப் பதினொரு பக்கம் ஒதுக்கியிருந்தேன். நெறியாளர் அதை இரண்டு பக்கமாகக் குறைத்தார். அப்போது கோபம் வந்தது. அவர் செய்தது சரி. அந்தப் பக்கங்களில் நடிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அதைவிட முக்கியமாகப் படிக்க வேண்டியது நாடகச் சட்டம். பிரிட்டிஷார் 1876இல் கொண்டுவந்த நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையும், சென்னை மாநிலம் 1954இல் இயற்றிய சட்டத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். ராதாவின் ராமாயண நாடகத்துக்கு எழுந்த எதிர்ப்பு எந்தச் சூழலில் எழுந்தது என்பது அதில் தெரியும். எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்த 1954 சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. வாய்மொழித் தேர்வில் என்னிடம் இதைக் கேட்டார்கள். நல்லவேளை, தெரிந்திருந்தது.

நடிப்பை எப்படி எழுத்தில் கொண்டுவருவது என்பதுதான் பெரிய தலைவலி. ‘தனித்துவமான குரல்’, ‘அபார நடிப்பு’ என்று நானும் பக்கம் பக்கமாக எழுதினேன். ஒரு நாள் லேப்டாப் திரையை மூடிவிட்டு ‘பலே பாண்டியா’வை ஒலியாக மட்டும் கேட்டேன். 1962இல் வந்த படம். சிவாஜிக்கு மூன்று வேடம் என்பது எல்லாருக்கும் தெரியும். ராதாவுக்கும் அதில் இரண்டு வேடம். கபாலி என்ற ரவுடி, அமிர்தலிங்கம் பிள்ளை என்ற பெரிய மனிதர். காதால் மட்டும் கேட்டால் எங்கே குரலை அடித்தொண்டைக்கு இறக்குகிறார், எங்கே கீச்சென்று மேலே தூக்குகிறார், எந்தச் சொல்லை இழுக்கிறார் என்பது பிடிபடுகிறது. பத்து நிமிடத்தை அப்படியே எழுதி, குரல் ஏறும் இடத்தில் மேல்கோடு, இறங்கும் இடத்தில் கீழ்கோடு போட்டேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. ஆய்வேட்டில் தேர்வாளர் பாராட்டிய ஒரே பகுதி அதுதான்.

‘ரத்தக்கண்ணீர்’ படத்தில் ‘குற்றம் புரிந்தவன்’ பாடலையும் இப்படிக் கேளுங்கள். சி.எஸ்.ஜெயராமன் பாட, இடையிடையே ராதா பேசுகிறார். பாட்டு ஒரு தாளத்தில் போகும், பேச்சு வேறொரு தாளத்தில் போகும். கூட்டத்தைப் பார்த்துப் பேசிப் பழகிய வாய் அது. மேடையைத் தேட வேண்டிய இடம் இதுபோன்ற இடங்கள்.

நாடகத்தை நேரில் பார்த்த பெரியவர்களை இன்னும் கண்டுபிடிக்க முடிகிறது, ஆனால் அவசரம். நான் பேசிய ஒரு தாத்தா முதல் அரைமணி நேரம் “பிரமாதமா நடிப்பாருப்பா” என்பதைத் தாண்டவில்லை. பேச்சை மாற்றி, “எங்க உட்கார்ந்து பார்த்தீங்க? வீட்டுக்கு எப்படித் திரும்புனீங்க?” என்று கேட்டேன். தரை டிக்கெட், பக்கத்தில் தூங்கிப்போன தம்பி, மாட்டு வண்டி என்று ஒவ்வொன்றாக வந்தது. பிறகு தானாகவே எழுந்து நின்று, கையை முடக்கிக்கொண்டு, ‘ரத்தக்கண்ணீர்’ நாயகன் மோகனசுந்தரம் குஷ்டரோகியாக நடந்துவரும் விதத்தை நடந்து காட்டினார். கேள்வித்தாளில் அதற்குக் கேள்வியே இருக்கவில்லை. ரெக்கார்டரில் குரல் மட்டும்தான் பதிவானது. வீடியோ எடுக்காததற்கு இன்றும் வருத்தம்.

நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகங்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கடைசி மாதத்தில் ஓடாமல் முதல் மாதமே போய்விடுங்கள். நான் கடைசியில்தான் போனேன்.

தேர்வாளர் திருத்தத்துக்குப் பதினைந்து நாள் கொடுத்தார். நான்காம் இயலின் தலைப்பை ‘திரையில் மேடையின் தடயங்கள்’ என்று மாற்றினேன், எட்டு எடுத்துக்காட்டுகளைத் தூக்கினேன், தாத்தா நடந்ததை இரண்டு பக்கம் எழுதிச் சேர்த்தேன். பைண்டிங் கடைக்காரர் பழைய பிரதியைப் பார்த்துவிட்டு, “மறுபடியுமா?” என்றார்.