மேத்தமேட்டிகா: ‘செல்லுபடியாகும் மாறி அல்ல’ பிழையிலிருந்து மீண்ட அனுபவம்

கிருஷ்ணகிரி பக்கத்து மாங்கூழ் ஆலை ஒன்றில், கூழ் சூடேறும்போது எடுத்த வெப்பநிலைப் பதிவுகளை வைத்து என் ஆய்வு நடக்கிறது. ‘ராஸ்பெர்ரி பை’ என்ற சிறு கணினியில் மேத்தமேட்டிகா என்ற கணித மென்பொருள் இலவசம் என்பதால் நிறுவுவதில் சிக்கல் இல்லை. பதிவுகளுக்குச் சமன்பாடும் ஒழுங்காகப் பொருந்தியது. சூடேறும் வேகத்தை வரையத்தான் பாடாய்ப் பட்டேன்.

சூடேறும் வேகம் என்பது அந்தச் சமன்பாட்டின் வகைக்கெழு. வகைக்கெழு எடுக்கும் ‘டி’ சார்பை, வரைபடம் வரையும் ‘பிளாட்’டுக்குள் நேரடியாக எழுதினால் வெற்றுக் கட்டம்தான் வந்தது. கூடவே, ‘0.0002 செல்லுபடியாகும் மாறி அல்ல’ என்ற பொருளில் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி. பஸ் ஏறி, தருமபுரியில் பணம் கட்டியிருந்த பயிற்சி மையத்துக்குப் போனேன். பயிற்றுநர் திரையை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. “மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள் சார்” என்று அனுப்பிவிட்டார். போட்டேன், அதே பிழை. ஒரு நாள் வீணானதை விட, கேள்வியைக் காதில் வாங்காமலே பதில் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது.

விடை மென்பொருளின் உதவிப் பக்கத்திலேயே இருந்தது. பிளாட்டுக்கு ‘ஹோல்டு ஆல்’ என்ற தன்மை உண்டு. கொடுத்த உள்ளீட்டை அது முதலில் கணக்கிடாது; எக்ஸ் என்ற மாறிக்கு ஓர் எண்ணை வைத்த பிறகுதான் கணக்கிடும். அதற்குள் ‘எக்ஸைப் பொறுத்து வகையிடு’ என்பது ‘0.0002ஐப் பொறுத்து வகையிடு’ என்று மாறிவிடுகிறது. எண்ணைப் பொறுத்து எப்படி வகையிடுவது? வகைக்கெழுவை, முதலிலேயே கணக்கிட வைக்கும் ‘இவாலுவேட்’டுக்குள் வைத்தேன். கோடு வந்துவிட்டது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

இவாலுவேட் உள்ளீட்டின் வெளி உறையாக இருக்க வேண்டும். ‘2 பெருக்கல் இவாலுவேட்’ என்று உள்ளே தள்ளி எழுதினால் பலிக்காது.

மையத்தின் மாதிரிக் கோப்பு வேறொரு வகையில் படுத்தியது. பட்டியலில் புதிய பதிவைச் சேர்க்கும் சார்பு ஒன்று அதில் இருந்தது. அதற்குப் பட்டியலின் பெயர் அப்படியே போய்ச் சேர, முதல் உள்ளீட்டை மட்டும் கணக்கிடாமல் வைக்கும் ‘ஹோல்டு ஃபர்ஸ்ட்’ தன்மை தேவை. இல்லாவிட்டால் பெயருக்குப் பதில் பட்டியலின் மதிப்பு போய், பட்டியலின் கடைசியில் சேர்க்கும் ‘அப்பெண்ட் டூ’ கட்டளை மாற்ற மறுத்துவிடும். தன்மையைச் சூட்டும் வரி இருந்தது, ஆனால் அதற்குக் கீழே ‘கிளியர் ஆல்’! கிளியர் வரையறையை மட்டும் அழிக்கும். கிளியர் ஆல் தன்மையையும் சேர்த்துத் துடைத்துவிடும். இரண்டு வரிகளையும் இடம் மாற்றியதும் வேலை செய்தது. யார் கொடுத்த கோப்பானாலும் முதலில் ‘ஆட்ரிபியூட்ஸ்’ கொடுத்துத் தன்மைகளைப் பார்த்துவிடுங்கள்.

எண்முறையில் தொகையிடும் ‘என்இன்டெகிரேட்’டில் சிக்கல் தலைகீழ்: எண் வருவதற்கு முன்பே உங்கள் சார்பைத் திறந்து பார்க்கும். சார்பின் உள்ளீட்டுக்கு, அது எண்தானா என்று சோதிக்கும் ‘நியூமெரிக் கியூ’ நிபந்தனை போட்டால் எண் வரும்வரை காத்திருக்கும்.

இவாலுவேட் போடும் முன் எக்ஸுக்கு ஏற்கெனவே மதிப்பு ஏதும் இல்லையா என்று பாருங்கள். மேலே எங்காவது அதற்கு 5 கொடுத்திருந்தால் பழைய பிழையே திரும்பி வரும். அந்த மதிப்பை அழித்த பிறகு வரையுங்கள்.